நிறுத்தக்கா நுரை என்று சொன்ன நாள்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குப் போய் "நிறுத்தக்கா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். தரை துடைப்பவர் முதல் தலைமை டாக்டர் வரை எல்லோரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளப் பிரிவில் மட்டும்தான் பதில் கிடைக்கும். பட்டப் பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் அவள் டாக்டருக்கு உதவியாளர். டாக்டர் குழாயை மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொண்டு வருவார். திரையில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால், "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் வரும். அது அக்காவின் குரல். டாக்டர் நிறுத்துவார். பாதித் தடவைக்கு மேல் அங்கே ஏதாவது இருக்கும்.

பெருங்குடல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்து முடித்துவிடுங்கள், பிறகு அதற்கு நேரம் கிடைக்காது. மந்திரிக்கும் உண்டு, மளிகைக்கடைக்காரருக்கும் உண்டு, ஐந்தடி நீளத்துக்கு ஒன்று. அதன் உள்சுவரில் வயதாக ஆக சிலருக்குச் சின்னச் சின்னச் சதை முளைகள் கிளம்பும். பாலிப் என்பார்கள். முக்கால்வாசி சாதுக்கள். சிலது மட்டும் பல வருஷம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து, ஒருநாள் புற்றுநோயாக மாறும். அதற்கு முன்னால் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த அறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா அந்த அறைக்குள் வாசல் வழியாக வரவில்லை, கண்ணாடி வழியாக வந்தாள் என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் அவள் சேர்ந்தது பக்கத்து அறையில், குழாய் கழுவும் வேலைக்கு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பிறகு குழாயில் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தண்ணீருக்குள் முக்கிப் பார்க்க வேண்டும், உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், மருந்தில் ஊறப்போட வேண்டும், காற்று அடித்து உலர்த்த வேண்டும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கத்துத் திரை இந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். கை தேய்த்துக்கொண்டிருக்க, கண் திரையில் கிடக்கும். இரண்டு வருஷம் அப்படியே பார்த்தாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் திரையில் ஒரு மடிப்புக்குப் பின்னால் ஏதோ எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. டாக்டர் கவனிக்காமல் குழாயை இழுத்துக்கொண்டு போனார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையுறையோடு கண்ணாடியில் படபடவென்று தட்டினாள். அப்போதிருந்த பெரிய டாக்டர் கோபக்காரர். "அந்தப் பொண்ணுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே குழாயைத் திரும்ப உள்ளே விட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் கத்தவில்லை. அங்கே திராட்சைப் பழம் அளவுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வந்து நில்லு" என்றார். படிக்கவும் வைத்தார்கள், பரீட்சை எழுதினாள், சான்றிதழும் வந்தது. அன்று போட்ட விதி ஒன்று அந்த அறையில் இன்றும் உண்டு: யார் நிறுத்தச் சொன்னாலும் டாக்டர் நிறுத்த வேண்டும், ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் போயிற்று. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். இப்போதிருக்கும் டாக்டர் அக்காவைவிட நாலைந்து வயது சின்னவர், நிதானமானவர், அதிகம் பேசாதவர். மூன்றாம் மாடியில் அக்கா கொடி கட்டிப் பறந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்பது ஒரு பெட்டி. தடித்த அகராதி அளவு இருக்கும். செயற்கை நுண்ணறிவில் இயங்குவது. கேமராவிலிருந்து வரும் படத்தை அதுவும் கூடவே பார்க்கும். பாலிப் மாதிரி ஏதாவது தெரிந்தால் திரையில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டு, 'டிங்' என்று மணி அடிக்கும். கொண்டுவந்து மாட்டிய நாளில் ஆஸ்பத்திரியே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "ஏசி போதுமா, வயர் இழுபடுதா, மேல தூசி விழுதா" என்று இரண்டு பேர் பின்னாலேயே நின்றார்கள். இதைப் பார்த்துவிட்டு அந்த அறையின் நர்ஸ், நாக்கில் சனி குடியிருக்கும் பெண், "புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைத்தான் பேசினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மகள் கம்ப்யூட்டர் படிப்பு கடைசி வருஷம்.

"அம்மா, அதுக்கு லட்சக்கணக்கா படம் காட்டிப் பழக்கியிருப்பாங்க. அது கண் சிமிட்டாது. அதுக்குத் தலைவலி வராது. பசிக்காது" என்றாள் மகள்.

"எனக்குந்தான் பசிக்கிறதில்ல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டு மிச்சம் வச்சாத்தானே பசிக்கும்?" என்றாள் அக்கா.

"உனக்குப் பொறாமையா இருக்கும்மா."

"பொறாமையா? அது வந்து ஒரு நாள் ஆகுது. நான் வந்து இருபத்திரண்டு வருஷம்."

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அக்கா இப்படிக் குரலை உயர்த்தினால் அது பொறாமைதான் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து போட்டி தொடங்கியது. மாப்பிள்ளை மணி அடிப்பதற்கு முன்னால் அக்கா "நிறுத்துங்க" சொல்லிவிட வேண்டும். யாரும் ஏற்பாடு செய்த போட்டி இல்லை, தானாக நடந்தது. நர்ஸ் நடுவர். "அக்கா ஒண்ணு... மாப்பிள்ளை ஒண்ணு... ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு" என்று அறிவித்துக்கொண்டிருப்பாள். டாக்டர்கூட முகமூடிக்குள் சிரிப்பார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: மாப்பிள்ளை கெட்டிக்காரர். அக்கா இடுக்கியை எடுக்கத் திரும்பும் ஒரு நொடியில், கடுகளவு இருக்கும் ஒன்றைப் பிடித்துவிடுவார். அப்படிப் பிடித்தபோதெல்லாம் அக்கா வாய்விட்டு, "பரவாயில்லையே" என்று சொல்லவும் செய்தாள்.

ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு பலவீனம் இருந்தது. நுரையைப் பார்த்தாலும் கட்டம் போடுவார். ஒட்டிக்கொண்டிருக்கும் தக்காளி விதையைப் பார்த்தாலும் மணி அடிப்பார். சுவர் சுருங்கி விரியும்போது வரும் சாதாரண மடிப்பைப் பார்த்துக்கூட ஒரு முறை துள்ளினார். அப்போதெல்லாம் டாக்டர் திரும்பி அக்காவைப் பார்ப்பார். அக்கா "நுரை" என்பாள், "விதை" என்பாள், "மடிப்பு" என்பாள். டாக்டர் மேலே போவார். ஒரு மாதத்தில் இது ராகம் மாதிரி பழகிப்போயிற்று. டிங், நுரை. டிங், விதை. அக்காவின் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை முன்பு எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கும் அது பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நிறுத்துவதற்குப் பேர் போன பெண், இப்போது போகச் சொல்கிறவளாக ஆகிவிட்டாள் என்பதை அந்த அறையில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவளும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தாவதாக வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஐம்பத்திரண்டு வயது. அக்காவைவிட மூன்று வயது மூத்தவர்; எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று அவரும் "அக்கா" என்றார். இடது கையில் ஊசி ஏற்றும்போது பேசிக்கொண்டே இருந்தார். பயந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"அந்த மருந்துத் தண்ணி இருக்கே அக்கா, ரெண்டு லிட்டர். என் எதிரிக்குக்கூட வேணாம். ராத்திரியெல்லாம் நான் பாத்ரூம்ல இருந்தேனா, பாத்ரூம் எங்கூட இருந்துச்சான்னு தெரியல."

"முடிஞ்சிடுச்சு. இனிமே தூங்கறதுதான் உங்க வேலை."

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எங்க அண்ணனுக்கு இதுதான் அக்கா. குடல்ல. போய்ச் சேந்துட்டாரு. கடைசி வரைக்கும் யாரும் அவர்கிட்ட உண்மையச் சொல்லல. ஏதாவது இருந்தா எங்கிட்ட நேரா சொல்லிடுங்க."

"சொல்றேன். நான் இருக்கேன்ல, எதுவும் தப்பாது" என்றாள் அக்கா. அவள் சாதாரணமாக யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. அன்று காலையிலிருந்து எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மயக்கம் லேசானதுதான், அரைத்தூக்கம். குழாய் கடைசி வரைக்கும் போயிற்று. வலது பக்கக் குடலில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அக்கா நுரையை அடக்கும் மருந்தை ஊசிக்குழலில் எடுத்துக் குழாய் வழியாகச் செலுத்தினாள். நுரை அடங்கியது. சுவர் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் திரும்பி வரத் தொடங்கினார். வேன்காரர் தூக்கத்தில் ஒருமுறை இருமினார். திரை குலுங்கியது. பச்சைக் கட்டம் அரை நொடி வந்து போனது. டிங்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நுரை சார்" என்றாள் அக்கா.

டாக்டர் மேலே போனார். மிச்சக் குடலில் ஒன்றும் இல்லை. 'எல்லாம் சரியாக இருக்கிறது, பத்து வருஷம் கழித்து வந்தால் போதும்' என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேன்காரர் கண் விழித்து அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே போனார்.

நாலரை மணிக்குக் கடைசிப் பரிசோதனையும் முடிந்து, அக்கா சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மருந்து அடித்த காலி ஊசிக்குழல்களைக் குப்பை டப்பாவில் போடும்போது கை அப்படியே நின்றது. நுரை மருந்தை அந்த வேன்காரர் குடலில் தானே அடித்தாளே? அடித்து, நுரை போய், சுவர் துடைத்துவிட்ட மாதிரி ஆனதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளே? அதற்கப்புறம்தானே மணி அடித்தது? அப்படியானால் அங்கே நுரை எங்கிருந்து வந்தது?

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை. மணி அடித்தது, வாய் நுரை என்றது. நடுவில் கண்ணுக்கு வேலையே இருக்கவில்லை.

வெளுத்த, தட்டையான பாலிப்புகள் உண்டு. வலது பக்கத்தில்தான் அதிகம் வரும். மேலே கொழகொழவென்று சளி மூடியிருக்கும். அவசரமாகப் பார்த்தால் அசல் நுரை போலவே தெரியும். சத்தம் காட்டாமல் புற்றுநோயாக மாறுகிறவற்றில் இவைதான் மோசம். புதிதாக வரும் நர்ஸுகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அக்காதான். அந்த நினைப்பு வந்ததும் காது மடல் சுட்டது.

டாக்டர் கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அந்த வேன்காரர் படத்தைப் போடணும்."

"ஏன் அக்கா?"

"நான் நுரைன்னு சொன்னேன். அங்க நுரை இருந்திருக்க முடியாது சார்."

டாக்டர் பையை இறக்கி வைத்தார். பதிவை ஓட்டினார்கள். இருமல் வந்த இடத்தில் மெதுவாக்கி, ஒவ்வொரு படமாக நகர்த்தினார்கள். மடிப்பு ஒன்று இருமலில் அசைந்து திறந்தது. அதன் பின்னால் வெளுப்பாக, சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ ஒன்று. மறுபடியும் மடிப்பு மூடிக்கொண்டது. மொத்தம் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும் பச்சைக் கட்டம் அசையாமல் நின்றது.

டாக்டர் அந்தப் படத்தை அப்படியே நிறுத்தினார். பிறகு, "நிறுத்தியிருக்க வேண்டியது நான். உங்க சொல்லை நம்பினது என் பழக்கம்" என்றார்.

"உங்க பழக்கத்தை நான்தானே கெடுத்தேன்? அவரைக் கூப்பிடணும் சார்."

"கூப்பிடத்தான் வேணும். படம் ஒரு இடத்துல தெளிவா இல்ல, இன்னொரு தடவை பாக்கணும்னு சொல்லுங்க."

"அது பொய்யில்ல. ஆனா அவர் கேட்டது அது இல்ல சார். நேரா சொல்லச் சொன்னாரு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கௌரவத்துக்காக நான் சொல்லல அக்கா. தப்பு நடந்துச்சுன்னு சொன்னா அவர் கோபத்துல வராமலே போயிட்டா? வேற இடத்துக்கும் போகாம விட்டுட்டா? எனக்கு அந்தப் பயம்தான்."

அந்தப் பயம் அக்காவுக்கும் இருந்தது. தன் பேர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையைச் சொல்லி அந்த மனிதனை விரட்டிவிட்டால், அவர் குடலில் இருப்பது உட்கார்ந்து வளரும். பூசி மெழுகினால் வந்துவிடுவார். ஆனால் பூசி மெழுகிய மருத்துவத்தை அண்ணன் விஷயத்தில் அவர் ஒருமுறை பார்த்தவர். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு போனை எடுத்தாள். டாக்டர், "ஸ்பீக்கர்ல போடுங்க, என் பங்கை நானும் சொல்றேன்" என்றார்.

அக்கா நேராகவே சொன்னாள். மெஷின் காட்டியது, நான் நுரை என்று தள்ளினேன், நான் சொன்னது தப்பு, அங்கே ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது, மறுபடி பார்க்க வேண்டும். டாக்டரும், "நான் நின்னு பாத்திருக்கணும், பாக்கல" என்றார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

புதன்கிழமை வேன்காரர் போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமையும் எடுக்கவில்லை. அறையில் மணி அடித்தபோது அக்கா வாய் திறக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத்தான் திறந்தாள். நுரையோ விதையோ, கழுவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு மூன்று நிமிஷம் கூடியது. நர்ஸ் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். வீட்டிலும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர்தான் கேட்டார். "என்ன, மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரா?"

அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"லிஃப்ட் கதவு சரியா மூடலன்னு விளக்கு எரியும். பத்துல ஒன்பது தடவை கதவு சரியாத்தான் இருக்கும், தூசி அடைச்சிருக்கும். அதுக்காக நான் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அது தூசிதான்னு சொல்ல முடியுமா? ஏறிப் போய்ப் பாக்கணும். நானும் ஒரு தடவை போகாம இருந்திருக்கேன். யாருக்கும் அடிபடல, அவ்வளவுதான்."

"நீங்க இதை எங்கிட்டச் சொன்னதே இல்லையே?"

"நீதான் இருபத்திரண்டு வருஷமா தப்பே பண்ணலையே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு ஒரு தெளிவும் வந்தது. போன் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதும் உட்கார்ந்த இடத்திலிருந்து தூசி என்பதும் ஒன்றுதான். ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரிடம் சொல்லிவிட்டு அரை நாள் விடுப்பு எடுத்தாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் ஊசி போடும்போதே சொல்லியிருந்தார். வாசலுக்கு எதிரே வேன்கள் வரிசையாக நின்றன. பள்ளி விட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மூன்றாவது வேனின் முன்கண்ணாடியை அவர் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஆனால் திரும்பவில்லை.

"பத்து வருஷத்துக்குக் கவலையில்லன்னு எழுதிக் குடுத்தீங்க. வீட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். எம் பொண்டாட்டி அந்தப் பேப்பரை வாங்கிக் கண்ல ஒத்திக்கிட்டா. இப்ப அவகிட்டப் போய் என்னத்தைச் சொல்றது?"

"நான் வந்து சொல்றேன்."

"உங்களை யாரு நுரைன்னு சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. காலையிலேர்ந்து நிறைய நுரையப் பாத்துட்டேன். இதுவும் அதுதான்னு பாக்காமலே சொல்லிட்டேன்." அக்கா சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை.

அவர் துணியைப் பிழிந்தார். "அங்க என்னமோ இருக்குன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாக்காம நான் ரெண்டுல எதையும் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும்."

உள்ளே மணி அடித்தது. கடைசிப் பாடவேளை தொடங்கியது போல. அவர் துணியை உதறி வேனின் கதவில் காயப்போட்டார். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னுதான் ரெண்டு நாளா நினைச்சேன். அங்க இருக்கிறவங்க புதுசா முதல்லேர்ந்து தேடுவாங்க. நீங்கன்னா அந்த ஒரு இடத்தை விடமாட்டீங்க. தப்பு பண்ணினவங்களுக்குத்தான் இடம் மறக்காது. வர்றேன். ஆனா நீங்கதான் நிக்கணும்."

அக்கா தலையை ஆட்டினாள்.

"இன்னொரு ரெண்டு லிட்டரா?" என்றார் அவர்.

"இன்னொரு ரெண்டு லிட்டர்."

"கடவுளே" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த புதன்கிழமை முதல் ஆளாக அவரைப் படுக்க வைத்தார்கள். மயக்க மருந்தைக் குறைவாகவே கொடுக்கச் சொன்னாள் அக்கா. ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை. குழாய் உள்ளே போயிற்று. வலது பக்கம் வந்தார்கள். அதே மடிப்பு. பதிவை அக்கா எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை, கண்ணை மூடினாலும் அந்த மடிப்புதான் தெரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையும் சும்மா இருந்தார். மணி இல்லை, கட்டம் இல்லை.

டாக்டர் தண்ணீர் பாய்ச்சினார். ஒன்றுமில்லை. காற்றைக் கூட்டினார், குறைத்தார். ஒன்றுமில்லை. நர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாராக இருந்தாலும், அன்றைக்குத் தெரிந்தது ஏதோ சளி, போய்விட்டது என்று சந்தோஷமாக நகர்ந்திருப்பார்கள். நகரவும் காரணம் இருந்தது: மெஷினே ஒன்றும் சொல்லவில்லையே?

"சார், கேமரா காட்டினாத்தானே மாப்பிள்ளைக்குத் தெரியும்? மடிப்புக்குப் பின்னால அதுவும் குருடுதான். அன்னைக்கு இவர் இருமினப்பதான் திறந்துச்சு" என்றாள் அக்கா.

அவள் குனிந்து வேன்காரரின் காதருகே பேசினாள். "அண்ணே, நான் சொல்றது கேக்குதா? நல்லா மூச்சை இழுங்க. இன்னும். அப்படியே பிடிச்சுக்கோங்க."

அவர் அரைத்தூக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார். குடல் மெல்லக் கீழே இறங்கியது. மடிப்பு கதவு மாதிரி விலகியது.

"நிறுத்துங்க!"

டிங்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. எது முந்தியது என்று நடுவரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை; சொல்லவும் அவள் முயற்சி செய்யவில்லை. பச்சைக் கட்டத்துக்குள் வெளுப்பாக, தட்டையாக, மேலே சளி மூடிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பட்டதும் சளி வழிந்தது, கீழே இருந்தது வழியவில்லை.

டாக்டர் அதன் அடியில் ஊசியால் நீல மருந்து ஏற்றினார். சுவரை விட்டு அது மேடாக எழும்பியது. கம்பி வளையத்தை அதைச் சுற்றி வைப்பது டாக்டரின் வேலை. வளையத்தை இறுக்குவது உதவியாளரின் கை. "மெதுவா மூடுங்க" என்றார் டாக்டர். அக்கா மூடினாள். அந்தக் கை இந்த வேலையை ஆயிரக்கணக்கான முறை செய்திருக்கிறது, அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. துண்டித்து எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டு, அவர் பெயரையும் தேதியையும் அக்காவே எழுதினாள். இரண்டு முறை சரிபார்த்தாள்.

அன்றே டாக்டர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். கட்டம் வந்தால் வாயால் தள்ளக் கூடாது, தண்ணீரால் தள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அக்காதான் அப்படி எழுதச் சொன்னாள்.

எட்டு நாள் கழித்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. டாக்டர் படித்துவிட்டு அக்காவின் கையில் கொடுத்தார், "நீங்களே சொல்லிடுங்க" என்றார். அக்கா வராந்தாவின் ஜன்னல் பக்கம் போய் நின்று போன் போட்டாள். மணி மூன்றரை. அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல்.

"வேன்ல இருக்கீங்களா?"

"வண்டி நின்னுட்டுத்தான் இருக்கு. சொல்லுங்க அக்கா. நேரா சொல்லுங்க."

"இருந்துச்சு. புற்றா மாறக்கூடிய ரகம். இன்னும் மாறல. முழுசா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. மூணு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

யாரோ ஒரு குழந்தை பாட்டில் மூடி காணோம் என்று அழுதது.

"அப்படியே விட்டிருந்தா?" என்றார் அவர்.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேப்பரை நம்பி நீங்க பத்து வருஷம் வந்திருக்க மாட்டீங்க. அது அவ்வளவு நாள் காத்துட்டு இருக்காது."

"அப்ப உங்களைத் திட்டறதா, நன்றி சொல்றதா? எனக்கே தெரியலையே."

"ரெண்டும் சொல்லுங்க. ரெண்டும் எனக்கு வர வேண்டியதுதான்."

அவர் திட்டைத்தான் முதலில் எடுத்தார். பதினாறு நாளாகத் தூங்காததைச் சொன்னார், மனைவி அழுததைச் சொன்னார், நாலு லிட்டர் மருந்துத் தண்ணீரைச் சொன்னார், நுரைக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டார். வேனுக்குள் பிள்ளைகள் எல்லாம் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்தார். நன்றி சொல்ல வாயெடுத்தார், வரவில்லை, மறுபடியும் எடுத்தார்.

"மெதுவா சொல்லுங்க. நான் வைக்கல" என்றாள் அக்கா.